ஸ்கோரை மூடி வைத்துவிட்டுப் பாருங்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அமெரிக்கன் ஃபுட்பால்) அடுத்த எதிரணியை எடை போட ஒரு முழு வழிகாட்டி

2024 நவம்பர் 30, கொலம்பஸ், ஓஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானம். ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஓஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஆட்டத்தில் மிச்சிகன் வந்து 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அடுத்து அதே மைதானத்துக்கு, டிசம்பர் 21 அன்று, பிளேஆஃப் என்ற நாக்அவுட் தொடரின் முதல் சுற்றுக்காக டென்னசி வரவேண்டும். நீங்கள் டென்னசி ரசிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கிறீர்கள். ஓஹாயோ ஸ்டேட் மொத்த ஆட்டத்திலும் ஓடி எடுத்தது 77 யார்டு, பந்தை வீசும் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் இரண்டு முறை பந்தை எதிரணி கையில் கொடுத்தார், 40 யார்டுக்குள் இரண்டு ஃபீல்டு கோல் தவறியது. “நடுவில் அடைத்துவிட்டால் போதும், இவர்களிடம் வேறு சரக்கு இல்லை” என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். ஆட்ட நாளன்று முதல் கால்பகுதி முடியும்போதே 21-0. கடைசியில் 42-17.

வீடியோ பொய் சொல்லவில்லை, பார்த்த விதம்தான் தப்பு. ஓர் அணியால் ஒன்றைச் செய்ய முடியாமல் இருப்பது வேறு, அன்றைக்கு அதைச் செய்யாமல் விட்டது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, மீதிப் பாதி பொறுமை. 4 டவுன், 10 யார்டு போன்ற அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: எந்த ஆட்டத்தைப் பார்ப்பது

கடைசியாக ஆடிய ஆட்டத்தைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். பல நேரம் அதுதான் மோசமான தேர்வு. உங்கள் அணியைப் போல ஆடும் ஓர் அணியோடு எதிரணி மோதிய ஆட்டம் எது என்று தேடுங்கள். டென்னசி வேகவேகமாக ஆடும் அணி, பாஸ் பிடிக்கும் ரிசீவர்களைக் கோட்டோரம் வரை பரப்பி நிறுத்தும். அந்த வருட மிச்சிகனுக்குப் பாஸ் பலம் குறைவு, ஓடியே நேரத்தைத் தின்னும். ஆகவே மிச்சிகன் ஆட்டத்தில் ஓஹாயோ ஸ்டேட்டின் டிஃபென்ஸ் எப்படி நின்றது என்பது டென்னசிக்கு அவ்வளவாகப் பயன்படாது. அக்டோபர் 12 அன்று சொந்த ஊரான யூஜீனில் ஓரிகன் 32-31 என்று ஓஹாயோ ஸ்டேட்டை ஜெயித்த ஆட்டம்தான் பொருத்தம், ஏனென்றால் ஓரிகனும் பரப்பி நிறுத்தி வீசும் அணி. ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஓஹாயோ ஸ்டேட் தன் டிஃபென்ஸை நிறைய மாற்றிக்கொண்டது, அதனால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். குறுக்கு வழி இல்லை.

கீழ்த்தட்டுப் பிரிவு அணியோடு சீசன் தொடக்கத்தில் ஆடிய ஆட்டங்களை ஒதுக்கி வையுங்கள். 2024ல் பர்டூ தன் முதல் ஆட்டத்தில் அப்படியொரு கீழ்த்தட்டு அணியான இந்தியானா ஸ்டேட்டை 49-0 என்று அடித்தது. அதற்கடுத்த வாரம் பர்டூவுக்கு ஓய்வு, அதே வாரம் தரவரிசையில் 5-வது இடத்தில் இருந்த நோட்ர டேம் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. ஒருவர் 49-0 ஜெயித்து வருகிறார், இன்னொருவர் யாரும் எதிர்பார்க்காத தோல்வியோடு வருகிறார். செப்டம்பர் 14 அன்று பர்டூவின் மைதானத்திலேயே நோட்ர டேம் 66-7. அந்த வருடம் முழுக்க பர்டூவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அந்த 49-0தான், நோட்ர டேமோ இறுதி ஆட்டம் வரை போனது. அந்த அதிர்ச்சி வெற்றியைப் பெற்ற நார்தர்ன் இல்லினாய் தன் அடுத்த ஆட்டத்திலேயே பஃபலோவிடம் தோற்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீடியோவைத் தொடும் முன் ஸ்கோர் அட்டையைச் சுத்தம் செய்யுங்கள்

கல்லூரிக் கால்பந்தில் ஒரு வினோதமான கணக்கு உண்டு, புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதில் வழுக்கி விழுவார்கள். குவாட்டர்பேக்கைப் பந்தோடு பிடித்துக் கீழே தள்ளும் சேக்கில் இழந்த யார்டு, ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அது பாஸ் கணக்கில் கழியும். ஆகவே, ஓர் உதாரணத்துக்கு, “இவர்கள் 30 தடவை ஓடி 77 யார்டுதான்” என்று அட்டை சொன்னால், அதில் எத்தனை சேக் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். 5 சேக்கில் 35 யார்டு போயிருந்தால், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குகள் உண்மையில் 25 தடவை ஓடி 112 யார்டு எடுத்திருக்கிறார்கள், அதாவது ஓட்டத்துக்கு நாலரை யார்டு. ஒரே அட்டை, இரண்டு நேரெதிர் கதை.

அப்புறம், ஆட்டம் முடிந்துபோன பிறகு எடுத்த யார்டுகளைக் கழியுங்கள். கடைசிக் கால்பகுதியில் மூன்று டச்டவுனுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் களத்தில் இருப்பது பாதி மாற்று வீரர்கள்.

மொத்த யார்டை விட, எத்தனை ஸ்நாப் (ஒவ்வொரு முறை பந்தை எடுத்து ஆடுவது) உருப்படியாகப் போனது என்பதுதான் எனக்கு முக்கியம். இதற்கு ஆய்வாளர்கள் பரவலாக வைத்திருக்கும் அளவுகோல் எளிது. முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும். இதை எட்டினால் அந்த ஸ்நாப் வெற்றி, இல்லையென்றால் தோல்வி. ஒரே ஓர் 80 யார்டு டச்டவுன் மொத்த யார்டை ஊதிவிடும், இந்தக் கணக்கில் அதுவும் ஒரு டிக் மார்க்தான். நார்தர்ன் இல்லினாய் நோட்ர டேமை ஜெயித்த நாளில் ஒரு 83 யார்டு பாஸ் டச்டவுன் இருந்தது, தடுக்கப்பட்ட ஃபீல்டு கோல்களும் இருந்தன. இவை எல்லாம் உண்மையில் நடந்தவைதான், ஆனால் அடுத்த வாரமும் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபம்பிள் ஆன, அதாவது கையிலிருந்து நழுவிய, பந்து யார் கையில் போய்ச் சேரும் என்பதும் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். ஃபம்பிள் எத்தனை முறை ஆனது என்று எழுதுங்கள், யார் எடுத்தார்கள் என்பதை மறந்துவிடுங்கள்.

படி 3: முதல் தடவை சும்மா பாருங்கள்

ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு கதை கட்டிவிடுவார், பிறகு உங்கள் கண்ணும் அந்தக் கதைக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை எதையும் எழுத வேண்டாம். காற்று, மழை, யார் எப்போது முன்னிலை, யார் எந்த நிமிடத்தில் பதற ஆரம்பித்தார்கள், அவ்வளவு போதும்.

நமக்குக் கிடைப்பது தொலைக்காட்சிப் படம். 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் படம் பயிற்சியாளர்களிடம் இருக்கும், அணிகள் தங்களுக்குள் அதைப் பரிமாறிக்கொள்ளும். ஆள் அனுப்பி எதிரணியின் ஆட்டத்தை அரங்கில் உட்கார்ந்து வேவு பார்ப்பது கல்லூரிகளுக்கு 1994லிருந்து தடை. எதிரணிப் பயிற்சியாளர்கள் களத்துக்குக் காட்டும் சைகைகளைத் திருடியதாக 2023ல் மிச்சிகன் மாட்டிக்கொண்ட விவகாரம் இதிலிருந்துதான் கிளம்பியது. 2024 முதல் மேல்மட்டப் பிரிவில் பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒரு வீரரிடம் பேச அனுமதி வந்துவிட்டதால் சைகையைப் படிக்கும் கலைக்கு மவுசு குறைந்துவிட்டது. நீங்கள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கலாம், உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை.

படி 4: இரண்டாவது தடவை, கட்டம் போட்டு எழுதுங்கள்

ஒரு நோட்டு அல்லது ஸ்ப்ரெட்ஷீட். ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் ஒரு வரி. டவுன், எத்தனை யார்டு வேண்டும், பந்து களத்தில் எங்கே, எந்த ஆட்கள் உள்ளே, ஓட்டமா பாஸா, எந்தப் பக்கம், எத்தனை யார்டு. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 65, 70 ஸ்நாப் ஆடும், ஆகவே உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘ஆட்கள்’ என்ற கட்டத்துக்கு இரண்டு இலக்கம் போதும். முதல் இலக்கம் ரன்னிங் பேக் எத்தனை, இரண்டாவது டைட் எண்டு (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) எத்தனை. 11 என்றால் தலா ஒருவர், மீதி மூன்று பேர் ரிசீவர். 12 என்றால் டைட் எண்டு இரண்டு பேர். 12 உள்ளே வரும்போதெல்லாம் ஓட்டம் என்று தெரிந்தால் அது பெரிய துப்பு. 12-ல் நின்றுகொண்டு பாதி நேரம் பாஸ் போடுகிறார்கள் என்றால் அவர்களை நடத்துகிறவர் விவரமானவர், துப்பு எதுவும் மலிவாகக் கிடைக்காது.

பந்து எங்கே இருக்கிறது என்ற கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்லூரிக் கால்பந்தில் அதை விடவே கூடாது. களத்தின் அகலம் 160 அடி. உள்ளே இருக்கும், ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் பந்தை வைக்கும் எல்லையான இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் இந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான், அதனால் அங்கே பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் மைதானம். சந்துப் பக்கம் எதிரணி யாரை நிறுத்துகிறது, ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்களில் நல்லவரையா சுமாரானவரையா? அகலப் பக்கம் திரும்பத் திரும்ப ஸ்கிரீன் பாஸ் (தடுப்பாளர்களுக்குப் பின்னால் போடும் குட்டைப் பாஸ்) போடுகிறார்களா? சந்துப் பக்கம் ஓடுவதே இல்லையா? பத்துப் பதினைந்து ஸ்நாப் எழுதியதுமே ஏதோ ஒரு பழக்கம் கண்ணில் படும்.

பட்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஓர் ஆட்டத்தில் மூன்றாவது டவுன் 13 அல்லது 14 வரும், அதில் 8 யார்டுக்கு மேல் தேவைப்படுவது 5 இருந்தால் அதிகம். அந்த ஐந்தில் நான்கில் பிளிட்ஸ் (குவாட்டர்பேக் மேல் கூடுதல் ஆள் பாய்வது) வந்தது என்பதை “80 சதவீதம் பிளிட்ஸ்” என்று எழுதிவிட்டால் படிக்கப் பெரிதாகத் தெரியும். “5-ல் 4” என்றே எழுதுங்கள், சதவீதம் வேண்டாம். இன்னும் இரண்டு ஆட்டம் சேர்த்து 15-ல் 12 ஆனால் நம்பலாம்.

முதல் 15 ஸ்நாப்பைத் தனி நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல பயிற்சியாளர்கள் ஆட்டத்தின் தொடக்கத்தை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டுதான் வருவார்கள், அது வாரம் முழுக்க யோசித்த வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் அவர்களின் சுபாவம். எழுதி வைத்தது தீர்ந்த பிறகு ஓர் அணி எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று பார்த்தால் அதன் பயமும் நம்பிக்கையும் தெரியும்.

படி 5: பந்தைப் பார்க்காதீர்கள்

இதுதான் கஷ்டமான பகுதி. கிரிக்கெட்டில் பந்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு ரொம்பக் கஷ்டம். ஒவ்வொரு ஸ்நாப்பையும் ரீவைண்ட் செய்து, முதல் இரண்டு நொடி முன்வரிசை ஐந்து பேரை மட்டும் பாருங்கள். கோடு முன்னால் நகர்கிறதா, பின்னால் நகர்கிறதா? இரண்டு ஓரத்திலும் நிற்கும் டாக்கிள்களில் எவருக்கு எப்போதும் பக்கத்தில் ஒரு டைட் எண்டைத் துணைக்கு நிறுத்துகிறார்கள்? துணைக்கு நிறுத்துகிறார்கள் என்றால் பயிற்சியாளருக்கே அந்தப் பக்கத்தில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். இதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

டிஃபென்ஸ் பக்கம் வந்தால், நான்கு பேரை மட்டும் அனுப்பியே குவாட்டர்பேக்கை நெருங்குகிறார்களா, ஐந்தாவது ஆறாவது ஆள் தேவைப்படுகிறதா என்று எண்ணுங்கள். நான்கு பேரிலேயே காரியம் ஆகும் அணி ஆபத்தானது, பின்னால் ஏழு பேர் மிச்சம் இருப்பார்கள். ஸ்நாப்புக்கு முன் கடைசியில் நிற்கும் சேஃப்டி ஒருவரா இருவரா, ஸ்நாப் ஆனதும் அதே இடத்தில் இருக்கிறார்களா நழுவுகிறார்களா என்பதையும் குறியுங்கள். தொலைக்காட்சிப் படத்தில் அவர்கள் பல நேரம் திரைக்கு வெளியே இருப்பார்கள், ரீப்ளேயில் கிடைக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று அவர்களோடு மோதிய அணியின் குவாட்டர்பேக் யாருடைய பக்கமே வீசிக்கொண்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள், அங்கே ஒரு பலவீனத்தை அந்த அணி ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறது.

படி 6: மூன்று பெட்டி

எழுதிய எல்லாவற்றையும் மூன்று பெட்டியில் போடுங்கள். முடியவில்லை. செய்யவில்லை. செய்ய விடவில்லை.

மிச்சிகன் ஆட்டத்தையே போட்டுப் பார்ப்போம். ஓஹாயோ ஸ்டேட் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் நவம்பரில் பயிற்சியின்போது காயப்பட்டு வெளியே போய்விட்டார், லெஃப்ட் டாக்கிள் அதற்கும் முன்பே போயிருந்தார். ஒட்டுப்போட்ட முன்வரிசையை வைத்துக்கொண்டு நடுவில் இடித்து ஓடினார்கள். அது ஓரளவு ‘முடியவில்லை’ பெட்டிதான். ஆனால் எதிரே நின்றது யார்? மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். அடுத்த ஏப்ரலில் என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒருவர் 5-வதாகவும் இன்னொருவர் 13-வதாகவும் எடுக்கப்பட்டார்கள். ஆகவே அதில் பெரும்பங்கு ‘செய்ய விடவில்லை’. அந்த இருவரும் டென்னசி சட்டையில் வரப்போவதில்லை.

மிச்சமிருக்கும் பெட்டிதான் உயிர்நாடி. அந்த வருடத்தின் மிக ஆபத்தான ரிசீவர்களில் ஒருவரான ஜெரமையா ஸ்மித், மிச்சிகன் ஆட்டத்தில் பிடித்தது 35 யார்டு. மிச்சிகனின் முதல்தரக் கார்னர் வில் ஜான்சன் அன்று ஆடவே இல்லை, அப்படியிருந்தும் நீளமாக வீசிப் பார்க்காமல் பிடிவாதமாக நடுவிலேயே இடித்துக்கொண்டிருந்தார்கள். இது சுத்தமான ‘செய்யவில்லை’. இந்தப் பெட்டியில் விழுவதுதான் அடுத்த வாரம் உங்களைக் கடிக்கும், ஏனென்றால் அதைச் சரிசெய்ய புது ஆள் வேண்டாம், பயிற்சியாளர் மனசு மாறினால் போதும். மூன்று வாரம் திட்டு வாங்கிய பயிற்சியாளருக்கு மனசு மாறாதா என்ன? டென்னசிக்கு எதிராக ஸ்மித் 103 யார்டு, இரண்டு டச்டவுன்.

படி 7: அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது

காயம், நீக்கப்பட்டவர்கள், வேறு கல்லூரிக்குப் போக டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பேர் கொடுத்தவர்கள், மாறிய பயிற்சியாளர்கள். டிசம்பர், ஜனவரியில் இந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீளும். ஓஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஆடும் பிக் டென் லீகின் அணிகள் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற பட்டியலை ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் வெளியிடும், அதைப் பார்க்காமல் கணிப்பை முடிக்காதீர்கள். ஓய்வு நாட்களையும் எழுதுங்கள், ஆனால் அதற்கு அதிக மதிப்பெண் கொடுக்காதீர்கள். அந்த பிளேஆஃபில் முதல் சுற்று ஆடாமல் நேரடியாகக் காலிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் தோற்றன.

இதே இருவர் முன்பே மோதியிருந்தால் இந்தப் படிக்கு இரட்டை வேலை. முதல் ஆட்டத்தை நீங்கள் பார்க்கிறீர்கள், தோற்றவர்கள் அதையே இருபது தடவை பார்த்திருப்பார்கள். ஜெயித்தவர்களுக்கு “அதையே செய்வோம்” என்ற ஆசை வரும். தோற்றவர்களுக்கு வேறு வழியே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே முதல் ஆட்டத்தில் தோற்றவர் எங்கே மாற்றுவார் என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

படி 8: கணிப்பை எழுதி மூடுங்கள்

ஸ்கோரை மட்டும் எழுதாதீர்கள், அது ஜோசியம். மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எதிரணி எங்கே முதலில் குத்தும், நாம் எதை மறைக்க வேண்டும், எந்த ஒன்று நடந்தால் இந்தக் கணிப்பே குப்பை. மூன்றாவது வாக்கியம் எழுத வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. தேதி போட்டு மடித்து வையுங்கள், ஆட்டம் முடிந்ததும் எடுங்கள்.

என் காகிதம் ஒன்றைச் சொல்கிறேன். 2025 ஜனவரி 1, பிளேஆஃப் காலிறுதியான ரோஸ் பவுல், மறுபடியும் ஓரிகன், ஓஹாயோ ஸ்டேட். அக்டோபர் ஆட்டத்தை உட்கார்ந்து கட்டம் போட்டு எழுதியவன் நான். ஓரிகன் குவாட்டர்பேக் டில்லன் கேப்ரியலை அன்று ஓஹாயோ ஸ்டேட் ஒருமுறைகூட சேக் செய்யவில்லை, அதைப் பார்த்துவிட்டு “இவர்களால் நெருங்க முடியாது” என்று முதல் பெட்டியில் கொட்டை எழுத்தில் எழுதி, ஓரிகன் 31-27 என்று முடித்தேன். அந்தப் பூஜ்ஜியம் எந்தப் பெட்டிக்கு உரியது என்று யோசிக்கவே இல்லை. பந்தைச் சீக்கிரமாக வீசிவிட்டு ஓரிகன் அதைச் செய்ய விடவில்லை, ஓஹாயோ ஸ்டேட்டும் பின்வரிசையை மாற்றி மாற்றிக் காட்டி அவரைப் பந்தோடு தயங்க வைக்கும் வேலையை அன்றைக்குச் செய்யவில்லை. ரோஸ் பவுலில் 8 சேக். முதல் தடவை பந்து கிடைத்ததுமே ஸ்மித்துக்கு 45 யார்டு டச்டவுன், இரண்டாம் கால்பகுதியில் 34-0, கடைசியில் 41-21. 34 ஆனபோதே காகிதத்தை எடுத்து டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்த வட்டக் கறை இன்னும் ‘முடியாது’ என்ற வார்த்தையின் மேல்தான் இருக்கிறது.